சும்மா இருந்த மாசம்

அம்மா,

முற்றத்தில் மிளகாய் காய்கிறது. நெடி ஏறுகிற நேரம் பார்த்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தார் ஒரு டீச்சர். கையில் தாள் இல்லை, கைபேசி. தும்மிக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினார்.

நீ இல்லாத முதல் கணக்கெடுப்பு.

போன முறை நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

"அவ என்னத்த, சும்மாதான் இருக்கா" என்றார் அய்யா.

அப்போதுதான் நீ காட்டிலிருந்து வந்தாய். தலையில் மிளகாய் மூட்டை. இறக்கிவிட்டு வாத்தியார் முகத்துக்கு நேரே மிளகாய் பறித்த கையை நீட்டினாய்.

"யாரு சார் சும்மா இருக்கா? இந்தக் கைய உங்க கண்ணுல வைக்கட்டுமா?"

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அய்யா சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

"வருசத்துல ஆறு மாசமாச்சும் வேலை பாத்தீங்களாம்மா?"

"மழை பேஞ்சா மொளகா. பேயாட்டி கருவேலம் வெட்டப் போவேன். சும்மா இருந்த மாசத்த நீங்களே சொல்லுங்க."

வாத்தியார் தாளில் அடித்துத் திருத்தினார். நீ நம்பவில்லை. என்னை வாசிக்கச் சொன்னாய். விவசாயம் என்று வாசித்தேன். பிறகுதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாய்.

கேள்விகள் மாறியிருக்கின்றன அம்மா. எந்தத் தானியத்தை அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்று இப்போது கேட்கிறார்கள். உலை வைப்பது யார் என்று இன்னும் கேட்கவில்லை.

குடும்பத் தலைவர் பெயர் கேட்டார் டீச்சர்.

"எனக்கு வயசாச்சு, பெரியவன் பேரப் போடுங்க" என்றார் அய்யா.

அண்ணன் துபாயில். நீ போனபின் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வந்து காட்டையும் வீட்டையும் பார்ப்பவள் நான்.

"அண்ணன் இங்கன இருக்கானா அய்யா?" என்றேன்.

"ஆம்பளப் பேரு இருக்கட்டும் தாயி. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து நம்ம மொளகா பறிச்சுச்சு?"

அய்யா முற்றத்தைப் பார்த்தார்.

என் பெயரைச் சொன்னேன். டீச்சர் பதிந்தார். கைபேசியைக் காட்டச் சொல்லி வாசித்தேன். எழுத்து எழுத்தாக. பிறகுதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

யார் என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்வி அடுத்த சுற்றில்தான் வருமாம்.

வரட்டும். கை இன்னும் எரிகிறது.