மடு மாதாவுக்கு முடிந்த கூப்பன் காசு

03.02.2025, திங்கள்
பாரிஸில் ரூ காய் தெருவுக்கு மீன் வாங்கப் போனேன். எதிரே ஞானம்மா. மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தேன். முப்பத்தொரு வருசமாய் இப்படித்தான். என் கலியாணக் காப்பை டொலருக்கு விற்காமல், உக்ரேனில், கீவில், பிறகு செல்லாமல் போன அந்தக் கூப்பன் காசுக்கு விற்றுத் துலைத்தவள்.

05.02, புதன்
மகள் லூசியா சொன்னாள்: "அம்மா, ஞானம்மா அன்ரி பதினைஞ்சாந் திகதி கனடாவுக்கு மகனிட்டைப் போறா. இனி வரமாட்டா."
போகட்டும்.
பருப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

09.02, ஞாயிறு
பேத்தி நதாலி அலுமாரியில் மஞ்சள் துணி முடிச்சைக் கண்டெடுத்தாள். பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன், ஞானம்மாவோடு சேர்த்து எங்கள் ஒன்பது பேரை உக்ரேனில் ஒரே அறையில் வைத்திருந்த நேரம், அந்த நாட்டுக் காசு அது, கூப்பன் என்பார்கள் என்றேன். போனில் தேடினாள்.
"அம்மம்மா, இந்தக் காசு அஞ்சு வருசம்கூட இருக்கேல்லை. கடைசியிலை ஒரு லட்சத்துக்கு ஒரேயொரு புதுக்காசுதானாம். ஏன் உடனை செலவழிக்கேல்லை?"
ஏன்? காப்பு விற்று வந்த காசு; பிரான்ஸ் போய்ச் சேரும்வரை தொடமாட்டேன் என்று மடு மாதாவுக்கு நேர்ந்து முடிந்தது. நேர்ந்தது யார்? நான்தானே.

11.02, செவ்வாய்
லூர்து மாதா பூசை. மனம் நிற்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிற எனக்கு இது மட்டும் எங்கே ஒளிந்து கிடந்தது? கீவ் அறையில் நாலு வயது லூசியாவுக்குக் காய்ச்சல். ஞானம்மா முடிச்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்: "அவிழுங்கோ அக்கா. இண்டைக்கு இதுக்குப் பால் வரும், நாளைக்குப் பாண்கூட வராது. மாதா கோவிக்கமாட்டா."
அவிழ்க்கவில்லை. பின்னேரம் பால் வந்தது. ஞானம்மாவின் காதில் தோடு இல்லை.
கண்டேன் — கண்டும் கேட்கவில்லை. சீ, என்ன மனுசியடி நீ!

14.02, வெள்ளி
ரூ பெர்தொனே நகைக்கடையில் ஒரு சோடி கல்லுத்தோடு வாங்கினேன். கூப்பனோடு சேர்த்து அதே துணியில் முடிந்தேன். ரூ லூயி-பிளாங்கில், மூன்றாம் மாடி, ஞானம்மா கதவைத் திறந்தாள்.
"என்னக்கா, வழி தவறி வந்திட்டியளோ?"
வாய் குறையவில்லை அவளுக்கு. முடிச்சை நீட்டினேன்.
"அவிழடி," என்றேன். "மாதா கோவிக்கமாட்டா."

16.02, ஞாயிறு
கனடாவில் இருந்து போன். "தோட்டுத் துளை தூர்ந்துபோச்செல்லோ! ஊசியாலை குத்தியெல்லே போட்டனான். உங்களாலை காது நோகுது!" அரைமணி நேரம் ஏசினாள். நான் போனை வைக்கவில்லை.
காப்பை ஏன் கூப்பனுக்கு விற்றாள் என்று நாளைக்குக் கேட்கவேண்டும்.