ஜெபத்துக்குப் பிறகு வாசிக்க

ஈத்தவிளை,
1926 ஆகஸ்டு 7

கர்த்தருடைய காவலில் புன்னைமூட்டில் வாழ்ந்திருக்கும் என் மகள் எலிசாவுக்கு அம்மா எழுதுகிறது.

முதலில் சந்தோஷ சமாச்சாரம். உன் அண்ணன் மகன் ஜான்ரோஸ் வகுப்பில் முதலாவது. இரண்டாவது வந்தவன் ஒரு வக்கீல் மகனாம். நம்முடையவன் அவனை எட்டாத தூரத்தில் விட்டுவிட்டான் என்று வாத்தியாரே சொன்னாராம். அவன் அக்காள் பூங்கனி பின்னின லேஸை மிஷன் பங்களா அம்மா கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணியிலும் குற்றம் இல்லை என்று சீமைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டார்கள். நான் அஞ்சாம் கிளாசோடு நிறுத்தினவள், என் பேத்தி கைவேலை கப்பல் ஏறுகிறது, கேட்டியா.

வருகிற வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் ஜான்ரோசுக்குத் துரை கையால் பரிசு. அண்ணன் வில்வண்டிகள் பேசிவிட்டான். ஊரில் நடக்கத் தெரிந்த ஆம்பிளை அத்தனை பேரும் வருகிறார்கள். விடியுமுன் புறப்பட்டால் திரும்பி வர இருட்டிவிடும். அத்தைக்காரி நீ இல்லாமல் என்ன பரிசு என்று எனக்கு மனசு ஆறவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற மகளுக்கு அஞ்சலில் எழுதி, அது ஊரெல்லாம் சுற்றி உன்னிடம் வருகிறது. கடத்துப் படகை நிறுத்தி என்ன கண்டார்களோ. பெருவெள்ளத்தில் ஆறு தடம் மாறினது, ஆற்று நடுவில் தீவாகக் கிடக்கிற இரண்டு துருத்தும் உங்கள் கரைப் பக்கமாகிவிட்டன. தண்ணீர் இடம் மாறினால் எங்கள் தென்னையும், நாங்கள் கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு அழுக்கப் போடுகிற இடமும் கை மாறிவிடுமா? நீ பிறந்த கரையின் நியாயத்தை நீயாவது சொல்ல வேண்டாமா?

உன் அண்ணன் பட்டாளத்தை விட்டு வந்தான், பட்டாளம் அவனை விடவில்லை. பையன்மாரை வரிசையில் நிறுத்தித் துடுப்பைத் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கப் பழக்குகிறான். அங்கே மாப்பிள்ளை தொண்டுகளை அடுக்கி மதில் கட்டியிருக்கிறாராம். இரண்டு பேரும் பஸ்ராவில் ஒரே குழியில் கிடந்தவர்கள். அந்தச் சிநேகத்தில்தானே, சண்டை முடியுமுன்னே லீவில் வந்தவருக்கு உன்னையே கொடுத்தோம். நேற்று இவன் கரையில் நின்று, "ஏலே அவில்தார், ஜமாதாருக்கு சல்யூட் வையிலே!" என்று கத்தினான். அவர் அங்கிருந்து, "பஸ்ராவுக்கு வாரும் வைக்கேன். இங்க நீரு வெறும் மச்சினன்தான்!" என்றார். இரண்டு கரையும் சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் கல் பறந்தது.

ஒன்று கேட்கிறேன். உன் போன கடிதத்தின் ஒட்டு, நனைத்துப் பிரித்து மறுபடி ஒட்டினது மாதிரி இருந்தது. யார் பிரித்தது? செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்ததே, அது யாருக்கு அடையாளம் என்று அண்ணன் கேட்கிறான். எனக்கும் தெரிந்தால் நல்லது.

என் பேத்தி அன்னக்கிளியைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே சுவரில் இருப்பதில் அவள் இன்னும் கைக்குழந்தை.

அன்புள்ள அம்மா,
நேசம்மாள்


ஈத்தவிளை,
1926 ஆகஸ்டு 16

எலிசாவுக்கு அம்மா எழுதுகிறது.

பரிசு நன்றாக நடந்தது. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு துருத்திலும் உங்கள் கொடி பறக்கிறது. நாங்கள் அழுக்கப் போட்டிருந்த தொண்டுகளையெல்லாம் வாரி ஆற்றில் விட்டிருக்கிறார்கள். பெண்டுகளின் ஆறு மாசப் பாடு. காவலுக்கு இருந்த கிழவர்களுக்குக் கட்டன் காப்பி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினாராம் உன் புருஷன். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

வெள்ளிக்கிழமை இங்கே ஆள் இருக்காது என்று அங்கே யாருக்குத் தெரியும்? அண்ணன் ஒவ்வொருவனையாகக் கூப்பிட்டு விசாரித்தான். அஞ்சற்காரரைக் கூட விடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எழுதினவள் நான் அல்லவா.

நான் எழுதினது மகளுக்கு. நீ யாரிடம் கொடுத்தாய்? நெஞ்சில் கை வைத்து எழுது.

அம்மா


புன்னைமூடு,
1926 ஆகஸ்டு 21

என் பிரியமுள்ள அம்மாவுக்கு எலிசா எழுதுவது.

நான் யாரிடமும் கொடுக்கவில்லை. வாசித்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் ராத்திரி ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கேட்க வாசிக்கிறேன். மாமிக்கு எழுத்துத் தெரியாது. "உங்கம்ம எழுதினத வாசி மக்கா" என்று பாயில் கால் நீட்டி உட்கார்ந்து காத்திருப்பார்கள். இதுவும் உங்களுக்குத் தெரியும், நீங்களே சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்றை மட்டும் நான் மடியில் ஒளித்திருந்தால் இங்கே என்னை என்னவென்று நினைப்பார்கள்? இப்போதே நான் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஜான்ரோஸ் முதலாவது என்று வாசித்ததும் அவர் தொடையில் தட்டி, "நம்ம பய கெட்டிக்காரன்" என்றார். வெள்ளிக்கிழமை என்று வாசித்ததும் எழுந்து வெளியே போனார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

கொடியில் காய்ந்தது கோவிலில் திருவிருந்து மேஜைக்கு விரிக்கிற துணி. இந்த வருஷம் துவைக்கிற முறை என்னுடையது. உங்கள் கடிதத்தின் ஒட்டும் அப்படித்தான் நனைந்து வந்தது. நான் கேட்கவில்லை.

ஜான்ரோசுக்கு அவர் ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறார். பரிசுக்கு மாமா செய்வது. அஞ்சலில் அனுப்பினால் அண்ணன் உடைத்துப் பார்ப்பார்களோ?

உங்கள் மகள்,
எலிசா


ஈத்தவிளை,
1926 செப்டம்பர் 8

என் கண்ணான மகள் எலிசாவுக்கு அம்மா எழுதுகிறது.

பேனா வந்தது. அண்ணன் உடைக்கவில்லை, மூடியை மட்டும் திருகிப் பார்த்தான்.

பெரிய சந்தோஷம் ஒன்று. நம் பூங்கனிக்கு மயிலாடியில் சம்பந்தம் ஒத்துவந்திருக்கிறது. பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார், தகப்பனாருக்குக் கல்வேலை, சொந்தப் பட்டறை. பிள்ளையின் லேஸ் சீமைக்குப் போன பெருமை அங்கே வரைக்கும் போயிருக்கிறது. வருகிற பதினாறாம் தேதி வியாழக்கிழமை நிச்சயம். ராத்தங்கித்தான் திரும்புவோம். ஊர் ஆம்பிளைகள் முழுக்க வருகிறார்கள், அண்ணன் ஒருத்தரையும் விடவில்லை. துருத்துக்காக இனி மல்லுக்கட்ட மனசில்லை, சர்க்காரில் மனுப் போட்டுக்கொள்ளலாம் என்கிறான்.

இதை ஜெபத்துக்குப் பிறகு சத்தமாக வாசி. உன் மாமியாரும் கேட்டுச் சந்தோஷப்படட்டும்.

இத்துடன் முந்திரிக்கொத்தும், மாப்பிள்ளை நெஞ்சுச் சளிக்கு வைத்தியர் கொடுத்த சூரணமும் வைத்திருக்கிறேன். சூரணம் சாப்பிடுகிறபோது ஈரம் ஆகாது. பதினைந்து நாளைக்கு அவரைத் தண்ணீரில் இறங்க விடாதே. மறந்துவிடாதே மக்களே. நீ சொன்னால் கேட்பார்.

அம்மா,
நேசம்மாள்


புன்னைமூடு,
1926 அக்டோபர் 3

அம்மாவுக்கு எலிசா எழுதுவது.

நீங்கள் சொன்னபடி சத்தமாகவே வாசித்தேன். மாமி கேட்டுவிட்டு, பூங்கனிக்கு என்று இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு பட்டுத்துணி எடுத்து வெளியே வைத்தார்கள். அது இன்னும் வெளியேதான் கிடக்கிறது.

உங்கள் கரையில் ஆள் இல்லை என்று வியாழக்கிழமை ராத்திரி பெரிய துருத்தில் எங்கள் ஆட்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னை மூட்டில் பதுங்கியிருந்து உங்கள் ஆட்கள் எழுந்து வந்தார்களாம். எங்களுடையவர்களில் அநேகர் நீந்தித் தப்பினார்கள். அவர் ஓடவில்லை. அவருடைய வலது கையை உடைத்த துடுப்பு அண்ணன் கையில் இருந்தது. இருட்டில் ஆள் தெரியாமல் அடித்திருக்கலாம் என்று நான் சொன்னேன். "அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் அடிச்சான்" என்றார். மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு முழங்கையோடு நொறுங்கிப் போயிருக்கிறது. இனி கை நீளாது, மேலே தூக்கவும் வராது என்றார்கள்.

மயிலாடிக்கு ஆள் விட்டுக் கேட்டோம். அப்படி ஒரு சம்பந்தமே இல்லை. பிள்ளை பேரை வைத்தா அம்மா எழுதினீர்கள்?

ஈரத்தில் இறங்க விடாதே என்று எழுதினீர்கள். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் இப்போது விளங்கிவிட்டது. எனக்கு முன்னமே தெரியும், உங்களோடு சேர்ந்துதான் வாசித்தேன் என்கிறார்கள். மாமியோ ராத்திரி ஜெபம் முடிந்ததும் விளக்கைத் தணித்துவிடுகிறார்கள்.

துருத்துகள் இப்போது உங்களுடையவை. நிச்சய நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த முந்திரிக்கொத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எலிசா


ஈத்தவிளை,
1933 நவம்பர் 20

மகள் எலிசாவுக்கு அம்மா எழுதுகிறது.

ஏழு வருஷமாக நான் எழுதினதற்கு நீ பதில் போடவில்லை. இதற்குப் போட வேண்டும். கடத்துப் படகு ஓட்டின சுயம்பு கையில் கொடுத்துவிடுகிறேன், அஞ்சலுக்குப் பொழுதில்லை.

அண்ணனுக்குக் காய்ச்சல். பஸ்ராவில் பிடித்த அதே காய்ச்சல், இந்தத் தடவை விட மாட்டேன் என்கிறது. கஞ்சி இறங்கவில்லை. நினைவு தப்பித் தப்பி வருகிறது. தப்பினால் மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறான். "அவில்தார், தண்ணி இருக்கால?" என்கிறான். தெளிந்தால் அவர் பேர் சொல்லி, "ஜெயசிங் வந்தானா?" என்று கேட்கிறான்.

ராத்திரி ஆனாலும் வாருங்கள். பெரிய துருத்தில் விளக்கு வைத்துச் சுயம்பு படகோடு நிற்பார். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. யாரும் கை வைக்கமாட்டார்கள், நான் முன்னால் நிற்பேன்.

அம்மா


புன்னைமூடு,
1933 நவம்பர் 21

அம்மாவுக்கு எலிசா எழுதுவது.

சுயம்பு அண்ணன் வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இதையும் எல்லாருக்கும் வாசித்தேன். அவர் எழுந்து இடது கையால் சட்டையை எடுத்தார். மாமி, "அன்னைக்கும் அவிய எல்லாம் விவரமாத்தான் எழுதியிருந்தாவ மக்கா" என்றார்கள். துருத்தில் விளக்கு, ராத்திரி, அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று நான் மறுபடி வாசிக்கவும் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சுயம்பு அண்ணன் சத்தியம் பண்ணினார். "நீரு அந்தக் கரைக்காரரு" என்றார்கள். உங்கள் மாப்பிள்ளை சட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. அண்ணன் சுகமாகத் துடுப்போடு தென்னை மூட்டில் இருப்பதாகவும் தோன்றுகிறது. நீங்கள் எழுதினபடி கிடப்பதாகவும் தோன்றுகிறது. முதலாவது தோன்றும்போதுதான் எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

அவர் ஒன்று சொல்லச் சொன்னார். "கோவில்ல சாவு மணிய யாரும் பொய்யா அடிக்கமாட்டாவ. அது கேட்டா நான் வருவேன்." அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

எலிசா


ஈத்தவிளை,
1933 டிசம்பர் 11

என் மகள் எலிசாவுக்கு அம்மா எழுதுகிறது.

அன்னக்கிளி மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு உட்காருகிறாள் என்று மணி அடிக்கிற கோவில் பிள்ளை சொன்னார். அந்தக் கரையிலேயே எழுதப்போகிற முதல் பெண் பிள்ளை அவள்தானாம். நல்ல குரல், ஞாயிற்றுக்கிழமை பாட்டு அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்றும் சொன்னார். நாம் பிரிந்தபிறகு பிறந்த உன் சின்னவன் கணக்கில் சூரனாமே. அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை இடது கையாலேயே வலை முடிகிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

இத்தனை வருஷமும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. பூங்கனிக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு மயிலாடி. நிஜமாகவே மயிலாடிதான். உனக்கு எழுத உட்கார்ந்தேன், அந்த ஊர்ப் பெயரை என் கை எழுதவில்லை.

அண்ணனுக்குச் சாவு மணி அடித்தபோது நான் கரைக்குப் போனேன். உங்கள் படகு புறப்பட்டதைப் பார்த்தேன். மாப்பிள்ளை முன்னால் நின்றார், நீ தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாய். துருத்தில் காவலுக்கு நின்ற நம் பையன்மார் துடுப்பை ஓங்கினார்கள். ஜமாதார் போனதும் துருத்தைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நான் கரையிலிருந்து கத்தினேன், காற்று எதிராக அடித்தது. மாப்பிள்ளை படகை நிறுத்தச் சொல்லி நிமிர்ந்து நின்றார். வலது கையை மேலே கொண்டுபோகப் பார்த்தார். அது பாதியில் நின்றது. இடது கையால் அதைத் தாங்கி நெற்றி வரைக்கும் கொண்டுபோனார். அப்புறம் படகு திரும்பிவிட்டது. அண்ணன் கேட்டிருந்த சல்யூட் அது. பெட்டிக்குப் பக்கத்தில் போய் அவனிடம் சொன்னேன்.

துருத்தில் தேங்காய் இந்த வருஷம் நல்ல காய்ப்பு. பறித்து முற்றத்தில் குவித்திருக்கிறார்கள். எனக்குத் தின்னப் பல் இல்லை.

நீ பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் அதில் என்ன ஒளிந்திருக்கிறதோ என்று தேட என் கண்ணுக்குப் பழக்கமாகிவிட்டது. உனக்கும் அப்படித்தானே. படத்தில் அப்படி ஒன்றும் தேட வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்குப் போய் எல்லாரும் சேர்ந்து புதுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் மாமியாரை நடுவில் உட்கார வை. மாப்பிள்ளையை ஓரத்தில் நிறுத்தாதே. அவர் கையைத் துண்டு போட்டு மறைக்க வேண்டாம். அது எப்படி இருக்கிறதோ அப்படியே தெரியட்டும்.

அம்மா,
நேசம்மாள்