கழற்றிப் போட்ட பின்சீட்டு

வேலைக்குக் கிளம்பும் முன் மோகனா, புருஷன் கோகிலனுக்கு ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டினாள்.

"மீன்கறி அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. உங்க பழைய ஃபோர்வீல் ஜீப்போட பின்சீட்டை வாங்கப் பிறை டவுன்லேருந்து ஆள் வர்றாராம். காட்டுக்குப் போனா வண்டிக்குள்ளயே படுக்கப் பலகை அடிக்கணும்னு கழட்டிட்டீங்க. அதைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன்லா."

பேனாவை மூடியவள் மறுபடியும் திறந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்.

"நேத்து நம்ம சின்னவ ஹால்ல கெடக்கற அந்தப் பின்சீட்டுலதான் உக்காந்திருந்தா. என் ஷாலை பெல்ட் மாதிரி கட்டிக்கிட்டு, 'அப்பா எப்பம்மா வண்டிய எடுப்பாரு?'ன்னு கேட்டா. இனி முன்னால ரெண்டு பேருக்குத்தான் இடம்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியல."