பனிப்புகாருக்குள் நான் அடித்த மணி

மொன்ட்ரியால்-நோர்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் தனுஷிகாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் ஆண்டவரின் காவலில் நல்ல சுகமாய் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது நானும் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளுகிறது. அங்கே நீயும் உன் கையில் வந்து சேருகிற வாயில்லாச் சீவன்களும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று இன்றைக்குப் பூசையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் ஜெனாட்டும் குடும்பமும் நேற்று வந்து போனார்கள். அவனுடைய சின்னவள் இப்போது garderie என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் படித்த பிரெஞ்சுப் பாட்டைத் தவிர வேறொன்றும் வாயில் எடுக்கிறாள் இல்லை, ஆனால் நான் கொண்டுவந்த ஆட்டு ரோமப் பந்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்துக்கொண்டே நித்திரையாகிவிட்டாள். கீழ்வீட்டுத் திரேசம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் காலை வேலை கிடைத்திருக்கிறது, பெட்டிகள் தூக்கித் தூக்கி நாரி பிடித்தாலும் பின்னேரம் வீட்டில் நிற்கலாம் என்ற சந்தோசம் அவருக்கு.

மகள், நான் உன்னிடம் வந்துவிட்டுத் திரும்பியதில் இருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. உடம்பு இங்கே வந்துவிட்டது, மனது இன்னும் கடலுக்கு அங்கால் உன் ஹெதர்கோட்டுக் கிராமத்தில் எங்கோ ஒரு வேலிக்கரையில் நிற்கிறது. பஸ்ஸில் பை-நெஃப் தெருவால் போகிறபோது கண்ணை மூடினால் உன் வீட்டுக்கு முன்னால் போகும் அந்த ஒடுங்கின பாதை வருகிறது, இரண்டு பக்கமும் பச்சை வேலி உயர்ந்து நடுவில் ஆறு வற்றின தடம் போலப் பள்ளமாய்க் கிடக்கிறதே, அது. கண்ணைத் திறந்தால் மருந்துக்கடையும் சிவப்பு விளக்கும். வேலையிலே விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டு நிற்கும்போது குளிரறை யந்திரத்தின் இரைச்சலுக்குள்ளே ஆட்டுக்குட்டி கத்துவது கேட்கிறது. பக்கத்தில் நிற்கிற ஹெயிட்டிக்காரப் பெண் என்ன யோசனை என்று கேட்டாள், செம்மறியாடு என்றேன், அவள் தன்னுடைய தட்டுகளுக்குத் திரும்பிவிட்டாள்.

நான் எழுத வந்தது நீ என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில். உன் மிருக ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் உன்னையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறார், சேர்ந்தால் இனி அந்தக் கிராமந்தான் உன் இடம், நான் என்ன செய்ய அம்மா என்று கேட்டாய். நான் யோசித்துச் சொல்லுறன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். ரெலிபோனில் இதைச் சொல்ல வராது. நீ காரோட்டிக்கொண்டு ஸ்பீக்கரில் கதைப்பாய், நடுவிலே யாருடையவோ மாட்டுக்கு வயிறு ஊதிவிட்டது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உண்மையில் நான் வந்தது உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான். அப்பா அப்படித்தான் சொல்லி அனுப்பினார். கண்ணுக்கெட்டின தூரத்துக்குத் தமிழ்ச்சனம் இல்லை, ஒரு கடை, ஒரு வேதக்கோயில், குடிக்க ஒரு தவறணை, அதற்கு அங்கால் புல்லும் ஆடும். ஒரு ஆபத்து அந்தரம் என்றால் உனக்கு ஆர் வருவாங்க என்பதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே பயம். வந்த முதல் கிழமை முழுக்க நான் யன்னலோரம் இருந்து அதைத்தான் யோசித்தேன். சனம் என்னைக் கண்டு தலையை ஆட்டிச் சிரிக்கும், மழை வரப்போகுது என்று சொல்லும், போய்விடும். இந்தச் சிரிப்பை நம்பியா பிள்ளையை விட்டுவிட்டுப் போவது என்று என்னையே கேட்டேன்.

அந்தப் புதன்கிழமையில் நடந்ததை நீ ஊர் ஆட்களிடம் துண்டு துண்டாய்க் கேட்டிருப்பாய். நீ வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. நான் உன்னிடம் சொல்லாமல் வைத்த பகுதி ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து ஒழுங்காய்ச் சொல்லுகிறேன், கேள்.

நீ விடியவே வேலைக்குப் போய்விட்டாய். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு, நீ காட்டித்தந்த ஒற்றையடிப் பாதையால் வெளிக்கிட்டேன். ஆருடையவோ வயலுக்குள்ளால் ஆரும் நடக்கலாம் என்று நீ சொன்னதை நான் அப்போதும் முழுக்க நம்பவில்லை, ஆரும் ஏசினால் என்ன சொல்லுவது என்று இங்கிலீசில் ஒரு வசனம் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். வேலியில் இருந்த மரப்படி ஏறி இறங்கினேன். மரங்களுக்குக் கீழே நிலமே தெரியாமல் நீலப்பூ பூத்துக் கிடந்தது, அது பூவா, வானத்தின் ஒரு துண்டு கழன்று விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மேட்டு வயலுக்கு ஏறும்போது பனிப்புகார் இறங்கத் தொடங்கியது. முதலில் மலையைக் காணவில்லை, பிறகு கோயில் கோபுரம், பிறகு வேலி, கடைசியில் என் சப்பாத்தும் தெரியவில்லை. இங்கே பனிப்புயலில் பாதை மறைந்தால் பயந்து கிட்டடியில் இருக்கிற கடைக்குள் ஓடிவிடுவேன். அங்கே என்னவோ பயமே வரவில்லை மகள். பாலுக்குள் நிற்கிறது மாதிரி. பக்கத்தில் ஆடுகள் புல் கடிக்கிற சத்தம் மட்டும், கறுக் கறுக் என்று. இந்த உலகத்தில் எனக்கு ஒரு அலுவலும் இல்லை, ஒருவரும் என்னைத் தேடவில்லை, நான் ஆர் என்றுகூட மறந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போதுதான் நாய் குரைத்தது. விடாமல், ஒரே இடத்தில் நின்று குரைத்தது. எனக்கு நாய்க்குப் பயம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் கோபம் இல்லை, கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சரிவால் இறங்கினேன். கீழே, வயலுக்குள் ஓட்டுவார்களே, அந்த நாலு சில்லு மோட்டார் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது, அதற்குக் கீழே கால் அகப்பட்டபடி உங்கள் பிரிச்சர்ட் கிழவர் கிடந்தார். மனிசி செத்தபிறகு தனியே இருந்து ஆடு வளர்க்கிறார் என்று நீ சொன்ன அதே மனிதர். முகம் சாம்பல் நிறம். வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அவருடைய ரெலிபோன் வண்டிக்குக் கீழே, என்னுடையதில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. என் கோட்டைக் கழற்றி அவர்மேலே போர்த்தினேன். நீ தனுவின் தாய் தானே என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் வழி சொன்னார். வேலியைப் பிடித்துக் கீழே போனால் ஓடை வரும், ஓடைத் தண்ணியோடு போனால் கோயில், கோயில் பூட்டியிராது, உள்ளே கயிறு தொங்கும், அதை இழு, நிற்பாட்டாமல் இழு என்றார். எனக்கு அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அவருடைய உடம்பு குளிரில் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தது. நாயும் அவருடைய கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து முனகியது. அவர் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ சொன்னார். பயப்படாத புள்ள, பயப்படாத, இந்தா முடிஞ்சிது என்றார். புகாருக்குள் என் காது பிசகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பவும் சொன்னார். உச்சரிப்புக் கோணலாய்த்தான் இருந்தது, ஆனால் அது நம்முடைய மட்டக்களப்புத் தமிழ். இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். உன் மகள் என் ஆடுகளுக்குச் சொல்லுவது, குட்டி குறுக்கே கிடந்து தாய் துடிக்கும்போது கையை உள்ளே விட்டுக்கொண்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள், ஆடு அடங்கிவிடும், இப்போது அவள் இல்லாத நேரத்தில் நானும் சொல்லுகிறேன் என்றார். நீ மொன்ட்ரியாலில் இருந்து வந்தவள் என்றபடியால் அது பிரெஞ்சு என்று நினைத்தாராம். என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். மருந்துக்குப் பேர் ஏதோ என்றும் நினைத்ததுண்டு, இது அதைவிட நல்லது என்றார், அந்த வலிக்குள்ளும் சிரித்தார்.

தனு, நீ சின்னனில் இங்கே பனி வழிக்கிற வண்டிகளுக்கு முன்னால் ஊதுகிற சைரனுக்குப் பயந்து என் மடிக்குள் ஓடி வருவாய். நான் உன் முதுகைத் தடவித் தடவிச் சொன்ன வார்த்தை அது. அந்தச் சத்தத்துக்கு நடுங்கினது நானும்தான், எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நான் தமிழில் கேட்டால் நீ பிரெஞ்சில் பதில் சொல்லுவாய். நம்மட பாசை இந்தப் பிள்ளையின் வாயில் நிற்கவில்லை என்று நானும் அப்பாவும் எத்தனையோ தரம் கவலைப்பட்டிருக்கிறோம். ஆரும் இல்லாத ஒரு மேட்டு வயலில், வெள்ளைக்கார மனிசன் ஒருவரின் வாயால் அது எனக்குத் திரும்பி வந்தபோது என் கால் தரையில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு ஓடினேன். முழங்காலை நினைக்கவே இல்லை. வேலி முள் கிழித்தது, ஓடைக்குள் ஒரு தரம் விழுந்தேன். கோயிலுக்குள் ஒருவரும் இல்லை, கயிற்றின் நுனி ஒரு கொளுக்கியில் கட்டியிருந்தது. அவிழ்த்து என் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. மறுகா மேலே எங்கோ ஒரு பெரிய மூச்சு விட்டது போல இருந்தது, மணி ஒலித்தது. பூசைக்கு அடிக்கிற மாதிரி அடிக்க எனக்குத் தெரியாது, தாறுமாறாய் அடித்தேன். வாசலால் பார்த்தால் வெளியே வெள்ளைப் புகார், அதற்குள்ளே இருந்து சனம் ஒவ்வொன்றாய்ப் பிறந்து வருகிற மாதிரி வந்தது. வீட்டுச் செருப்போடு ஒருத்தர், சவர நுரை பாதி முகத்தில் அப்படியே இருக்க ஒருத்தர், தபால்காரர், தவறணைக்காரரும் மனிசியும். கோயிலில் பூவடுக்குகிற அக்னெஸ் வந்து என் விரல்களைக் கயிற்றில் இருந்து ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டா. நான் பிரிச்சர்ட், பிரிச்சர்ட் என்று மட்டும் சொன்னேனாம். அதற்குமேல் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ட்ராக்டர் வந்தது, ஆர் வீட்டுக் கதவையோ கழற்றிக்கொண்டு வந்தார்கள், புகாருக்குள் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேட்டுக்கு ஏறினார்கள். ஹெலிகொப்டர் இறங்க வழியில்லை என்றபடியால் அந்தக் கதவிலேயே கிடத்தி றோட்டடிக்குக் கொண்டுபோய் அம்புலன்சில் ஏற்றினார்கள்.

நீ வரும்போது நான் அக்னெஸின் குசினியில் அவவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சீனி கூடின தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் உங்களோட என்ன கதைச்சவர் அம்மா என்று கேட்டாய். பெரிசா ஒண்டுமில்ல, வழிதான் சொன்னவர் என்றேன். முழுக்கச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உன் கேள்விக்குப் பதிலும் சொல்லவேண்டி வந்திருக்கும். அப்பாவைக் கேட்காமல் எப்படிச் சொல்லுவது.

டோர்வலில் அப்பா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நீ வருகிறாயா என்றுதான் பார்த்தார். காருக்குள் ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டபடி ஓட்டிக்கொண்டே வந்து, நாங்கள் இறங்கவேண்டிய வழியைத் தவறவிட்டு, மொன்ட்ரியால் தீவின் கிழக்கு முனைவரைக்கும் போய் ஆற்றங்கரையில் நிற்பாட்டினார். தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, ஆட்டுக்கு விளங்கியிரிக்கு, நம்மட தமிழ் பிள்ளைக்கிட்ட இல்லையெண்டு நம்மதான் இவ்வளவு காலமும் நினைச்சிட்டம் என்றார். பிறகு அந்த மணி எப்படிச் சத்தம் போட்டது என்று கேட்டார். காரின் கண்ணாடியில் விரலால் தாறுமாறாய்த் தட்டிக் காட்டினேன். அவ அங்கயே இருக்கட்டும் கா என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைத் திருப்பினார்.

ஆகவே பெரிய டொக்டரிடம் ஓம் என்று சொல்லிவிடு. அப்பாவின் பதிலும் என் பதிலும் இதுதான். கவலை எல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நீளம்தான். ஆனால் அது என் கவலை, நீ சுமக்க வேண்டியதில்லை. வெறும் சூப்போடு இரவுச் சாப்பாட்டை முடிக்காதே. ஈரச் சப்பாத்தை அடுப்படியில் காயவைத்துப் போடு. பிரிச்சர்ட் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொன்னாய், கால் தேறும்வரை கிழமைக்கு ஒருக்கால் சோறும் கோழிக்கறியும் கொண்டுபோய்க் கொடு, உறைப்பைக் குறைத்துச் சமை. ஆண்டவரும் மாதாவும் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும், அந்தக் கைக்குள் பிறக்கிற எல்லாம் மூச்சோடு பிறக்கட்டும்.

அப்பா வருகிற மார்ச்சுக்கு லீவு கேட்டுவிட்டார். ஆடுகள் குட்டி போடுகிற காலத்தில் இருவரும் வருகிறோம். இந்தமுறை எங்களை யன்னலோரக் கதிரையில் விருந்தாளி மாதிரி இருத்தி வைக்காதே மகள், உன்னுடைய வேலைச் சட்டையில் இரண்டு எடுத்து வை, எங்களுக்கும் வேலை தா.

என்றும் உன்னை நினைக்கும்
அம்மா நிரஞ்சலா
அப்பா வலன்ரைனும் பக்கத்தில் இருந்து இதை வாசித்துவிட்டார்