காதில் விட்ட எண்ணெய்

நாக்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கலைமதி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, காதைத் தவிர. பயப்படாதீர்கள். பின்வரிசை மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். யாரும் முணுமுணுக்கவில்லை. இப்போது எனக்கும் காதுக் கருவி.

போன மாதம் எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் காதுக் கருவியைத் துடைத்தபோது குமட்டியது. மஞ்சள் அழுக்கும் நல்லெண்ணெயும் குழைந்து துளையை அடைத்திருந்தன. "சனிக்கிழமை காதுல எண்ணெய் விட்டாத்தாம்மா சூடு எறங்கும்" என்று சிரித்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்று என் கருவி அடைத்துக்கொண்டது. திறந்தால் அதே குழம்பு, அதே நாற்றம். வெள்ளிதோறும் நானும் காதில் எண்ணெய் விடுகிறேன், நீங்கள் பழக்கியதுதான். முனைவர் பட்டம் வாங்கியும் யோசிக்கவில்லை. என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இனி இருவருக்கும் காதில் எண்ணெய் வேண்டாம். கருவியின் துளையைச் சுத்தம் செய்யச் சின்ன பிரஷ் அனுப்புகிறேன். ஸ்ரீரங்கம் கடையில் புது பேட்டரி வாங்குங்கள். ஞாயிறு காலை கருவியை மாட்டிக்கொண்டு போனை எடுங்கள். போன வாரம் போனில் என் காது மந்தமானதைச் சொன்னேன். "சரிம்மா, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வகுப்புக்கு மணி அடிக்கிறார்கள். கேட்கிறது.

கலைமதி