மூன்று நகல் எடுத்த கடிதம்

நியூயார்க், 1931 மார்ச் 2, திங்கள்
பித்தளைப் பொத்தான் வியாபாரம் படுத்துவிட்டது. சிப்பிப் பொத்தான் பரவாயில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு நான் சொல்லி எழுதவைத்த கடிதத்தில் “கெஞ்சுகிறேன்” என்பதை “கேட்டுக்கொள்கிறேன்” என்று மாற்றிவிட்டாள் என் சுருக்கெழுத்துக்காரி, மிஸ் நோரா கீகன். “கெஞ்சினா பாதி விலைக்குக் கேப்பான், மிஸ்டர் ஆட்லர்” என்கிறாள். சரிதான். அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 7, சனி
சினிமாவுக்குப் போனேன். தற்செயலாக அவளும் அங்கே. (தற்செயலா? எந்தக் காட்சிக்குப் போகிறாள் என்று காதில் விழுந்திருந்தது.) படத்தில் முதலாளி டைப்பிஸ்ட்டைக் கட்டிக்கொள்கிறான், சுபம். வெளியே வந்ததும் அவள், “திங்கக்கெழம கடிதாசிய யாரு அடிப்பாங்கன்னு காட்டவே இல்லையே!”

மார்ச் 11
கிளீவ்லண்டு தொப்பி வியாபாரி வெண்டல் பூல் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான். ஞாயிறன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். போய்விடுவாளா?

மார்ச் 12
தூக்கமில்லை. ‘மணமான பெண்களுக்கு இங்கே வேலையில்லை’ — வாசல் பலகை நான் மாட்டியதுதான். இந்தத் தெருவில் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அக்டோபரில் எங்கள் டைப்பிஸ்ட் கிரேஸின் விரலில் மோதிரத்தைப் பார்த்த அன்றே அவளை அனுப்பினேன். நோரா யாரைக் கட்டினாலும் போய்விடுவாள். என்னைக் கட்டினாலும்!

மார்ச் 13, வெள்ளி
நேரில் கேட்க வாய் வரவில்லை. வழக்கமான கடிதம்போல அவளிடமே சொல்லி எழுதவைத்தேன்: “அன்புள்ள மிஸ் கீகன், தங்களை மணக்க விரும்புகிறேன்...” அவள் பென்சில் நிற்கவேயில்லை.
“எத்தனை நகல்?”
“வழக்கம்போல மூணு.”
முட்டாள்! ஒன்று கோப்புக்கு, ஒன்று கணக்கருக்கு, ஒன்று கிடங்குக்கு. மூன்று மணிக்குக் கிடங்கு ஸ்வென்சன் நகலும் கையுமாக மாடியேறி வந்துவிட்டான். “ஆர்டர் உறுதியாயிடுச்சா, முதலாளி?”
போடா!

மார்ச் 14, சனி
டைப் அடித்த பதில் மேசையில்: “தங்கள் 13ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. வாசல் பலகை இருக்கும்வரை பரிசீலிக்க இயலாது. கிரேஸையும் திரும்ப அழைக்கவும். பிறகு இதையே நின்றுகொண்டு, வாயால் கேட்கவும்.”
“அப்ப பூல்?”
“வீட்டோட இருந்து திரைச்சீலை தைக்கணுமாம். எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது.”
தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும், அவர்கள் அனுப்பும் பிழை மலிந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். பலகையை நானே கழற்றினேன். நின்றேன். கேட்டேன். குரல் கீச்சென்றது.
“ம்” என்றாள். அவ்வளவுதான். போதாதா?

மே 6, புதன்
எதிர்மேசையிலிருந்து மிஸஸ் நோரா ஆட்லர் சொல்லச் சொல்ல கிரேஸ் எழுதினாள். மாலையில் கடிதக்கட்டு என்னிடம் வந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இருபது வருட வியாபாரத்தில் முதல் தடவை.