பச்சைப் பூட்டு

பதிவு 1. காலை 6.10
மூச்சு அறிக்கை. சூசை, வயது 71, குழாய்ப் பிரிவு, நிலா தென்முனை ஐஸ் சுரங்கம்

மூச்சு சீராக இருக்கிறது. இருமல் இரண்டு தடவை.

வடக்குக் கூடாரம் தீப்பிடித்துத் தக்காளிச் செடியெல்லாம் கருகியது, பூமிக் கப்பல் நாற்பது நாள் பிந்தியது, பூட்டிய செய்தி எல்லாவற்றுக்கும் போலீசிடம் ஒரு சாவி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, மூன்றும் இந்த ஒரே வருஷத்தில்தான். அந்தச் சட்டத்திலிருந்து யாரும் போனில் வாய் திறப்பதில்லை. என்னிடம் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது. காதில் விழுந்தது ஒரு சொல் பிசகாது.

டாக்டரம்மா கொடுத்த பெட்டி இது. பேசினால் எழுதிக்கொள்ளும். மூலையில் பச்சையாய்ப் பூட்டுப் படம். எழுத்து தெரியாதவனுக்கும் பூட்டு தெரியும். அதனால் மற்றதையும் சொல்லி வைக்கிறேன், நான் செத்தால் கண்டெடுப்பவருக்கு.

ஐந்தாம் குழியில் மூன்று பேர் விபத்தில் சாகவில்லை. சுரங்க நிர்வாகமே காற்றைக் குறைத்தது. மீட்டர் பார்க்கிற பெண் ஒருத்தி அளவுகளை எனக்கு மனப்பாடமாகச் சொன்னாள். நான் வெல்டர் எட்வினுக்குச் சொன்னேன். இன்றைய கப்பலில் அவன் பூமிக்குக் கொண்டுபோகிறான். நேற்றுக்கூடச் சிரித்தான்: "மாமா, மூச்சுக்கு ரேஷன் போட்டானுவ. இனி கொட்டாவி விட்டா ஃபைன் போடுவானுவ, பாத்துக்கிடும்."

பதிவு 2. காலை 6.15
[பெட்டியின் குறிப்பு: பதிவு 1 திறக்கப்பட்டது. காவல் பிரிவு, நேற்று காலை 6.42]

மூச்சு பரவாயில்லை.

எட்வினை நேற்று காலை ஏழு மணிக்குக் கப்பல் வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். அவன் போவது மூன்று பேருக்குத்தான் தெரியும்: எனக்கு, அந்தப் பெண்ணுக்கு, சமையல்கார தாவூது பாய்க்கு. பாய் மேல் சந்தேகப்பட்டேன். தப்பு. அடுத்த கப்பலில் தானே போவதாக அவரே வந்து சொன்னார்: "இவனுவளுக்கு மூணு வேளையும் உப்புப் போட்டுப் பொங்குறவன் நான். இவனுவளுக்குப் போயி பயப்படவா, சூசையண்ணே?"

பதிவு 3. காலை 6.12
[பெட்டியின் குறிப்பு: பதிவு 2 திறக்கப்பட்டது. காவல் பிரிவு, நேற்று காலை 6.20]

தாவூது பாய் இல்லை. வெளியே போகிற காற்றுக்கதவில் மாட்டிக்கொண்டாராம். எட்வின் விசாரணை அறையில் தூக்குப் போட்டுக்கொண்டானாம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

பிறகு என் அறைக்கு மட்டும் ஒரு குரல் வந்தது: "சூசை ஐயா, இன்ஸ்பெக்டர் பேசுறேன். பயப்படாதீங்க. உங்க மேல ஒரு கேஸும் இல்ல. மூச்சு ரிப்போர்ட்டை மட்டும் விடாம பேசிட்டு வாங்க. உடம்பு முக்கியம்."

எனக்கு எதற்கு இத்தனை அன்பு? யார் காட்டிக் கொடுக்கிறார்கள்? சுவரா? டாக்டரம்மாவா? இனி எந்த மனுஷர் காதிலும் ஒரு சொல் போடமாட்டேன். உன்னிடம் மட்டும்தான்.

பதிவு 4. காலை 6.09
[பெட்டியின் குறிப்பு: பதிவு 4 திறந்திருக்கிறது. காவல் பிரிவு, இப்போது]

இருமலில் ரத்தம். மூச்சை எண்ண முடியவில்லை. கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. தட்டவில்லை. சும்மா நிற்கிறார்கள்.

கண்டெடுப்பவரே, அளவுகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிராணவாயு நூற்றுக்கு இருபத்தொன்று இருக்க வேண்டும். திங்கள் பதினெட்டு, செவ்வாய் பதினாறு, புதன் பதினொன்று. வியாழக்கிழமை செத்தார்கள். மீட்டரைக் கண்ணால் பார்த்தவள் சொன்னால்தான் பூமியில் நம்புவார்கள். அவளைக் காப்பாற்றுங்கள். ஐந்தாம் குழிக்குப் பின்னால், பழைய வடிகட்டி அறையில் ஒளிந்திருக்கிறாள். தண்ணீர் நாளையோடு தீரும், என்னால் நடக்க... என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். பெயர் ரஞ்சிதம்.